வாடிக்கையும் விருந்தும்: பெங்களூர் உணவகங்களின் வழியே நேர்மையான விலையின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. பெங்களூரின் பழைய உணவகங்களைப் பற்றியது. எனினும் பொருளை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு பனிமலைக்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜொனாதன் சின்மன், எரிக் சிட்ஸவிட்ஸ் என்னும் இரு பொருளியலாளர்கள் பனிச்சறுக்குத் தலங்களின் விளம்பர நேர்மையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை 2016-இல் வெளிவந்தது. சறுக்க வருவோர் தேடுவது புதிதாகப் பொழிந்த பனியை. எவ்வளவு பொழிந்தது என்பதை அந்தந்தத் தலமே அளந்து தானே அறிவிக்கிறது. அவ்வறிவிப்புகளை ஆய்வாளர்கள் வானிலைத் தரவுகளோடு ஒப்பிட்டனர். மேகங்களுக்குக் கிழமை தெரியாது. ஆனால் தலங்களின் கணக்கில் வார இறுதி நாட்களில் பனி குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகப் பொழிந்திருந்தது. கூட்டிச் சொல்வதால் மிகுந்த ஆதாயம் அடையக்கூடிய தலங்களே மிகுதியாகக் கூட்டிச் சொல்லின. தலங்களுக்கு இடையிலான போட்டி இந்த மிகையைக் கட்டுப்படுத்தியதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. கட்டுப்படுத்தியது வேறொன்று. மலையில் நிற்பவர்களே அங்குள்ள பனியின் நிலையை உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளும் வசதி ஒரு கைப்பேசிச் செயலியில் வந்தது. அதன்பின் மிகை சட்டெனச் சரிந்தது. கைப்பேசி இணைப்பு நன்றாகக் கிடைத்த மலைகளில் சரிவு இன்னும் கூடுதலாக இருந்தது.

விற்பவரின் நேர்மையை அவருடைய குணம் என்று கொள்வது நம் வழக்கம். இந்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. வாங்குபவர் சரிபார்ப்பதற்கு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் விற்பவரின் நேர்மை கூடிக் குறைகிறது. விருந்தோம்பல் தொழிலில் இத்தகைய வழிகள் எவ்வாறு திறந்தன, எங்கே அடைபட்டன என்பதற்கு இந்தியாவிலும் ஒரு வரலாறு உண்டு. அதன் வளமான பகுதி பெங்களூரில் நிகழ்ந்தது என்பதே இப்பதிவின் வாதம்.

1. மூன்று சொற்கள்

மொழியியல் பயின்ற பழக்கத்தால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். பணம் கொடுத்து உண்பவரை, தங்குபவரைத் தமிழில் மூன்று பெயர்களால் சுட்டுகிறோம்: விருந்தினர், வாடிக்கையாளர், நுகர்வோர்.

"விருந்து" என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றான "விருந்து" இப்பொருளிலேயே வருகிறது. புதிதாகப் புனையப்படும் செய்யுளை அது குறிக்கிறது. புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். அவருக்கு இட்ட உணவும் பின்னர் அப்பெயரையே பெற்றது. "வாடிக்கை" இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கும் சொல். வழக்கம், பழக்கம் என்பதே அதன் பொருள். வாடிக்கையாகப் பால் ஊற்றுபவர், வாடிக்கையாகப் பூ கொடுப்பவர் என்று இன்றும் சொல்கிறோம். கன்னடத்தின் "வாடிகெ"யும் இப்பொருளையே தருகிறது. ஆனால் கடைக்கு வருபவரைக் குறிக்கக் கன்னடத்தில் பெருவழக்காக உள்ள சொல் "கிராகி". தமிழ் நாளிதழில் "கிராக்கி" என்றால் தேவை மிகுந்து பொருள் அருகியிருக்கும் நிலை. சென்னைப் பேச்சுவழக்கில் மட்டும் அது ஆளையும் குறிக்கும். பெங்களூர்த் தமிழரின் காதில் இவ்விரு பொருள்களும் ஒருசேர ஒலிக்கின்றன.

மூன்றாவது சொல்லான "நுகர்வோர்" சட்டத்தோடு பரவியது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைப் பொதுவழக்கில் நிலைநிறுத்தியது.

இப்பாகுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வாடிக்கையாளர் நாளையும் வருவார். இன்று காபியில் தண்ணீர் கலந்தால் நாளை எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆகவே அவரிடம் நேர்மையாக நடப்பது வணிகத்துக்கும் நல்லது. விருந்தினரோ ஒருமுறை வந்து போகிறவர். அவருக்கு ஊர் புதிது, விலை புதிது, ஒப்பிட்டுப் பார்க்க மறுகடையும் அருகில் இராது. பனிமலை விடுதியின் வாடிக்கையாளர் பெரும்பாலும் இந்தப் பழைய பொருளில் "விருந்தினரே". விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை எவ்வாறு சீர்கெடும் என்பதை ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நம் மொழி அந்த வேறுபாட்டை இரண்டு சொற்களில் வைத்திருக்கிறது.

2. மாவள்ளி: பெயரில் உண்மை, அடுக்களையில் உண்மை

1924-இல் பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவருடைய சகோதரர்களும் பெங்களூரின் லால்பாக் பகுதியில் "பிராமின் காபி கிளப்" என்ற சிற்றுண்டிச்சாலையைத் தொடங்கினர். அவர்கள் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அப்பகுதி அன்று சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தில் இருந்தது. சென்னையின் உடுப்பி உணவகங்களும் பெங்களூரின் உடுப்பி உணவகங்களும் ஒரே புலப்பெயர்வின் இரு கிளைகள் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது.

இந்த உணவகத்தின் வரலாற்றில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, ரவா இட்லி. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் தென்னிந்தியாவுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசித் தட்டுப்பாட்டில் இட்லி தடைபட்ட அக்காலத்தில், கோதுமை ரவையையும் தயிரையும் கொண்டு தாங்கள் உருவாக்கியதே ரவா இட்லி என்பது அந்நிறுவனம் கூறும் வரலாறு. ஒரு பொருள் அருகும்போது கடைக்காரர் முன் இரு வழிகள் இருக்கின்றன. கலப்படம் செய்து பழைய பெயரிலேயே விற்கலாம். மாற்றுப் பொருளைப் புதுப்பெயரிட்டு விற்கலாம். "ரவா" என்ற அடைமொழி இரண்டாம் வழியின் சான்று. இலையில் இருப்பது அரிசி இட்லி அன்று என்பதை அப்பெயரே அறிவித்துவிடுகிறது. வாங்குபவர் அறிந்தே உண்கிறார். உணவுப் பெயர்களில் உள்ள அடைமொழிகளை இவ்வாறு அறிவிப்புகளாக வாசிக்க இடமுண்டு.

இரண்டாவது, 1951-இல் யக்ஞநாராயண மையா மேற்கொண்ட ஐரோப்பியப் பயணம். அங்குள்ள உணவகங்களின் நடைமுறைகளைக் கண்டு திரும்பிய அவர் தூய்மையைத் தம் கடையின் அடையாளமாக்கினார். பாத்திரங்களை வெந்நீராவியில் தூய்மைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். உண்ண வருவோர் அடுக்களையைக் கண்டு செல்லும்படி செய்த வழக்கமும் இக்கடையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 1960-இல் உணவகம் இன்றுள்ள கட்டடத்துக்கு மாறி "மாவள்ளி டிபன் ரூம்ஸ்" ஆயிற்று. எம்.டி.ஆர். என்ற மூன்றெழுத்து அதன் சுருக்கம்.

அடுக்களையைக் காட்டுவது எளிய செயலாகத் தோன்றலாம். ஓர் உணவகத்தில் வாங்குபவர் அறிய முடியாதவை பெரும்பாலும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. எண்ணெய் எத்தனை முறை கொதித்தது, தட்டு எந்த நீரில் கழுவப்பட்டது, நேற்றைய மாவு இன்றைய மாவோடு சேர்ந்ததா என்பவற்றை நாக்கு எப்போதும் கண்டுபிடித்துவிடாது. பனிமலையின் செயலி செய்த வேலையை இங்கே திறந்த கதவு செய்தது.

3. நட்டக் கணக்கு எழுதிய பலகை

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் உணவகங்களின் உணவு விலைகளை அரசு மிகக் குறைத்து நிர்ணயித்தது. நோக்கம் மக்களுக்குச் சாதகமானதே. ஆனால் விலைக்கு உச்சவரம்பு விதிக்கலாமேயன்றி, நெய்யின் கொள்முதல் விலைக்கும் முந்திரியின் கொள்முதல் விலைக்கும் உணவக முதலாளி வரம்பு விதிக்க இயலாது. பல இடங்களில் இத்தகைய கட்டுப்பாட்டுக்கு விடை ஒன்றுதான்: விலை அதேதான், வடை சிறுத்துவிடும். எடை குறையும், நெய் எண்ணெயாகும், சாம்பாரில் பருப்பு மெலியும். விலைப்பட்டியல் சட்டத்துக்குக் கீழ்ப்படிய, தட்டு பொய் சொல்லும்.

எம்.டி.ஆர். தரத்தைக் குறைக்க மறுத்து நட்டத்திலேயே உணவு பரிமாறியது. அன்றாட நட்டத்தின் தொகையை வாசலில் பலகையில் எழுதி வைத்தது என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பின்னர் உணவகத்தை மூடிவிட்டு, உடனடி உணவு மாவுகளும் பொடிகளும் விற்கும் கடையாக நடத்தியது. 1980-களில் உணவகம் மீண்டும் திறந்தது. இடைக்காலத்தில் வளர்ந்த பொட்டல உணவு வணிகம் 2007-இல் நார்வேயின் ஆர்க்லா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உணவகம் மையா குடும்பத்திடமே தங்கியது.

இந்நிகழ்ச்சி வழக்கமாகத் தொழில்முனைவுக் கதையாகச் சொல்லப்படுகிறது: நெருக்கடி வந்தது, புதிய வணிகம் பிறந்தது. எனக்கு அந்தப் பலகையே முதன்மையான ஆவணமாகப் படுகிறது. விலைப்பட்டியல் வாங்குபவர் தருவதைச் சொல்கிறது. நட்டப் பலகை விற்பவர் இழப்பதைச் சொன்னது. இரண்டையும் ஒரே வாசலில் படித்தவருக்கு ஓர் இட்லியின் விலைக்குள் என்னென்ன இருக்கின்றன என்பது விளங்கியிருக்கும். நேர்மையான விலை என்பது குறைந்த விலை என்று பொருள்படாது. அந்த விலையை யார் தாங்குகிறார் என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

இக்கோணத்தில் பார்த்தால், 2017 ஆகஸ்டில் பெங்களூரில் தொடங்கிய இந்திரா கேண்டீனும் அதற்கு முன்மாதிரியான 2013-ஆம் ஆண்டின் சென்னை அம்மா உணவகமும் நேர்மையான விலைகளே. தொடங்கியபோது ஐந்து ரூபாய்க் காலை உணவும் பத்து ரூபாய் மதிய உணவும் தந்த இந்திரா கேண்டீன், மீதியை அரசு கருவூலம் தாங்குகிறது என்பதை ஒளிக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்து விலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. முன்னதில் ஆணையிட்டவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்.

4. காபி ஹவுஸ்: பரிமாறுபவரும் ஒரு தரப்பு

இதுவரை முதலாளி, வாடிக்கையாளர் என்ற இரு தரப்புகளை மட்டுமே பேசினேன். மலிவான விலைக்கும் புன்னகையான சேவைக்கும் பின்னால் மூன்றாம் தரப்பு ஒன்று எப்போதும் நிற்கிறது. தட்டை எடுத்து வருபவரின் கூலி குறைவாக இருப்பதாலேயே தோசை மலிவாக இருந்தால், அந்த மலிவில் நேர்மை எவ்வளவு?

இந்தக் கேள்விக்கும் பெங்களூர் ஒரு விடையைத் தந்திருக்கிறது. காபியின் உள்நாட்டு நுகர்வைப் பெருக்க 1930-களில் தொடங்கப்பட்ட இந்தியா காபி ஹவுஸ்கள் பின்னர்க் காபி வாரியத்தின் பொறுப்பில் நடந்தன. 1950-களில் வாரியம் அவற்றை மூட முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் வேலையிழக்கும் நிலை வந்தது. பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் அவர்கள் கடைகளைத் தாங்களே ஏற்று நடத்த முன்வந்தனர். அவ்வகையில் அமைந்த முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957 ஆகஸ்ட் 19-இல் பெங்களூரில் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் கூட்டுறவுக் காபி ஹவுஸ் திறந்தது. கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் இம்முறை பரவியது.

பெங்களூர் எம்.ஜி. சாலையில் நெடுங்காலம் இருந்த காபி ஹவுஸ் 2009-இல் அங்கிருந்து நீங்கிச் சர்ச் தெருவுக்கு மாறியது. தலைப்பாகையும் இடுப்புப் பட்டையும் அணிந்து பரிமாறுபவர் அங்கே கூலியாள் மட்டும் அல்லர், சங்கத்தின் உறுப்பினருமாவார். ஒரு காபியோடு நெடுநேரம் அமர்ந்திருப்பவரை எழுப்பாத பொறுமைக்காக அக்கடை பெயர் பெற்றது. அந்த மரியாதை முதலாளியின் கட்டளையால் மட்டும் வந்தது என்று கொள்வதற்கில்லை. தம் கடைக்கு வந்தவரிடம் காட்டும் மரியாதையும் அதில் கலந்திருக்கிறது. சேவையின் நேர்மையை ஆராய்வோர், சேவை செய்பவருக்குக் கடையில் பங்கு உண்டா என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்ப வேண்டும்.

5. யாருக்குச் சேவை?

இந்த வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் எழுதிவிட முடியாது. 1924-ஆம் ஆண்டின் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமின்" என்ற சொல் சமைப்பவரைக் குறித்தது, உண்பவரைக் குறித்தது, பிறர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அக்காலச் சூழலில் குறித்தது. தென்னிந்தியச் சிற்றுண்டிச்சாலைகள் பலவற்றில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. தலித்துகளுக்குப் பெரும்பாலும் வாசலே இல்லை. பணம் ஒன்றாக இருந்தும் மதிப்பு ஒன்றாக இல்லாத இடத்தில் அளவும் எடையும் சரியாக இருப்பதை மட்டும் நேர்மை எனல் பொருந்தாது.

1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தலைமையில் திராவிடர் கழகத்தினர் நடத்திய தொடர் மறியலை இவ்விடத்தில் நினைவுகூரலாம். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் சாதி, மதம் முதலிய காரணங்களால் எவரையும் விலக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15(2)-ஆம் பிரிவு 1950-லேயே கூறிவிட்டது. பெயர்ப்பலகைகள் அதற்குப் பின்னரே மெல்ல மெல்ல மாறின.

1983-இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய "கஃபே தர்சினி" இவ்வரிசையில் அடுத்த திருப்பம். முதலில் காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும்; முகப்பில் நின்று தட்டைப் பெற்று, உயர்ந்த மேசையருகே நின்றபடியே உண்ண வேண்டும். நாற்காலி இல்லை, பரிமாறுபவர் இல்லை, டிப்ஸ் இல்லை. விலை பலகையில் இருக்கிறது. அதற்குமேல் ஒரு காசும் இல்லை. தோசைக்கல் கண்ணெதிரில் இருக்கிறது. "தர்சினி" என்ற சொல்லும் "தரிசனம்" என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை: காணுதல். இருக்கைகளை நீக்கியதால் இடம் மிஞ்சியது, வாடகைச் சுமை குறைந்தது, விலையும் குறைந்தது. தனித்தனி அறைகளால் பிரித்துவைத்த பழைய ஏற்பாட்டுக்கு நின்று உண்ணும் மேசையில் இடமே இல்லை. வங்கி அதிகாரியும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் சட்னிக் கிண்ணத்தை நகர்த்திக்கொள்கின்றனர். சாதி நகரத்தை விட்டுப் போய்விட்டது என்பது இதன் பொருளாகாது. உணவகத்தின் இட அமைப்பு அதற்கு உதவ மறுத்தது என்ற அளவில் இது குறிப்பிடத்தக்கது.

6. சிம்லாவின் சாப்பாடும் உச்சநீதிமன்றமும்

பெங்களூரின் வாடிக்கையாளருக்குக் கிடைத்த வழிகள் மலைவிடுதியின் விருந்தினருக்குக் கிடைத்தனவா? இங்கே கதை மலையேறுகிறது.

சிம்லாவின் சிசில் ஹோட்டல் ஆங்கிலேயர் காலத்தின் புகழ்பெற்ற மலைவிடுதி. பின்னாளில் ஓபராய் ஹோட்டல் குழுமத்தை நிறுவிய மோகன் சிங் ஓபராய் 1922-இல் எழுத்தராகச் சேர்ந்த இடம் அதுதான். அதை நடத்திய அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்துக்கும் இமாசலப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில் 1972-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தங்குபவருக்கு அறைக் கட்டணத்தோடு சேர்த்து வழங்கும் உணவு "விற்பனை" ஆகுமா, அதற்கு விற்பனை வரி உண்டா என்பது கேள்வி. விடுதி தருவது ஒட்டுமொத்தமான ஒரு சேவை. உணவு அதன் ஒரு கூறு. அதைத் தனியே பிரித்து விற்பனை எனக் கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் சாரம். 1978-இல் நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கில் இதே தருக்கம் உணவகங்களுக்கும் நீண்டது. அதைத் தொடர்ந்து 1982-இல் 46-ஆம் அரசமைப்புத் திருத்தம் வந்து, உணவு வழங்கலை வரி நோக்கில் விற்பனையாகக் கருத வழிசெய்தது.

வரி வழக்காகத் தோன்றும் இதற்குள் நம் கேள்வி இருக்கிறது: விருந்தினர் எதற்குப் பணம் தருகிறார்? பொருளுக்கு என்றால் எடை பார்க்கலாம், கடைவிலையோடு ஒப்பிடலாம். சேவைக்கு என்றால் எதனோடு ஒப்பிடுவது? 2017 டிசம்பரில் இக்கேள்வி குடிநீர்ப் பாட்டிலின் வடிவில் திரும்பி வந்தது. அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விடுதிகளும் உணவகங்களும் பாட்டில் நீரை விற்பது எடையளவைச் சட்டப்படி குற்றமாகுமா என்பது வழக்கு. அங்கே நடப்பது வெறும் விற்பனை அன்று, சூழலும் சேவையும் சேர்ந்தது என்று கூறி, உச்சநீதிமன்றம் விடுதியாளர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டநோக்கில் இது 1972-இன் தொடர்ச்சி. வாங்குபவர் நோக்கிலோ, பாட்டிலின் மேல் அச்சிட்ட விலை என்னும் சரிபார்ப்புக் கருவி விடுதியின் வாசலோடு நின்றுவிடுகிறது.

மறுபக்கத்தில் இன்னொரு கதவு திறந்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் ரசீதில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வகையான நியதி புலப்படுகிறது. அதிக விலை வாங்குவதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. பட்டியலில் சொல்லாததை ரசீதில் வாங்குவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. டோக்கன் முறையில் ஜெயநகர் 1983-லேயே கடைப்பிடித்த நியதி அது.

7. மீண்டும் பனிக்கு

இந்தியாவில் பனிச்சறுக்கின் தலைமை இடம் காஷ்மீரின் குல்மர்க். 1927-இல் ஆங்கிலேயர் அங்கே ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினர். 1998-இல் குல்மர்க்கிலிருந்து கொங்தூரிக்கும், 2005-இல் அங்கிருந்து அபர்வத் மலைச்சரிவுக்கும் கோண்டோலா ஊர்தி ஓடத் தொடங்கியது. அதன் கட்டணத்தை அரசு நிறுவனம் நிர்ணயிக்கிறது. ஊர்தியின் கட்டணத்தை அறிந்துகொள்ள வழி உண்டு. ஆனால் விருந்தினர் அங்கே செல்வது ஊர்திக்காக மட்டும் அன்று, பனிக்காக.

2024 ஜனவரியில் குல்மர்க் ஏறத்தாழப் பனியின்றிக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமையால் தள்ளிவைக்கப்பட்டன. காலநிலை மாற்றம் பனியை அரிதாக்கும்போது, அந்தக் கன்னட, தமிழ்ச் சொல்லின் இரு பொருள்களும் மோதிக்கொள்கின்றன: பனிக்குக் கிராக்கி கூடுகிறது, கிராகி குறைகிறார். முன்பதிவை இழக்க அஞ்சும் விடுதியாளருக்குக் கூட்டிச் சொல்லும் ஆசை கூடுவது இயல்பு. ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும் வழிகாட்டிக்கும் சில மாதப் பனியே ஆண்டு வருமானம். உண்மையைச் சொன்னால் முதலில் இழப்பவர் அவர்தான். பெங்களூரிலிருந்து விமானச் சீட்டெடுத்துக் குடும்பத்தோடு செல்பவர் புல்வெளியைக் கண்டு திரும்பினால் இழப்பவர் அவர். இந்த இழப்பை யார் தாங்குவது என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அங்கே நேர்மையான சேவையின் தொடக்கமாக இருக்க முடியும். பனி இல்லையேல் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும், பனியின் அளவை விடுதிக்குத் தொடர்பில்லாத எவர் அறிவிப்பார் என்பவை எழுதப்பட வேண்டிய வாசகங்கள். மாவள்ளியின் வாசலில் இருந்த பலகையும் அடிப்படையில் இதைத்தான் செய்தது: இழப்பு ஒன்று இருக்கிறது, அது இன்னாருடையது என்று பொதுவெளியில் எழுதியது.

நல்ல முதலாளிகளின் வாழ்க்கை வரலாறுகள் நமக்கு நிறையக் கிடைக்கின்றன. நல்ல நடைமுறைகளின் வரலாறுதான் குறைவு. யக்ஞநாராயண மையாவின் நேர்மை அவரோடு முடிந்திருக்கலாம். திறந்த அடுக்களை முடியவில்லை, தர்சினிகளின் வழியே நகரமெங்கும் பரவியது. தனிமனிதக் குணத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது அரிது. கதவைத் திறந்து வைக்கும் பழக்கத்தைக் கையளிக்க முடியும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உணவக விலைப்பலகைகள், பழைய ரசீதுகள், டோக்கன்கள், "இங்கு கடன் சொல்லாதீர்கள்" வகை அறிவிப்புகள் ஆகியவற்றை எவரும் ஆவணமாகச் சேகரிப்பதில்லை. கடை வண்ணம் பூசப்படும் நாளில் அவை அழிந்துவிடுகின்றன. அவற்றில் விலைவரலாறு இருக்கிறது, சாதிவரலாறு இருக்கிறது, கன்னடமும் தமிழும் உருதுவும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று பேசிய வரலாறும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பழைய கடையில் அத்தகைய பலகை இருப்பின், கடைக்காரரிடம் அனுமதி பெற்றுப் படமெடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து வையுங்கள். பின்னூட்டத்தில் பகிர்ந்தால் நானும் கற்றுக்கொள்வேன்.